ஒட்டுப்புல்

ஒயின் கூடத்தில் கோப்பை நிரப்பும் வேலை எனக்கு.
மூன்றாவது கோப்பையில் எல்லாரும் கேட்பார்கள்,
கூட்டமில்லாமல் நடக்க இங்கே எங்கே போகலாம்?

நாப்கினின் பின்புறம் வரைந்து தருவேன்.
அணைக்கரைப் பாதை, வண்டி நிறுத்த நான்கு டாலர்.
ரெட்வுட் காடு, காலை எட்டுக்குள் போய்விட்டால் நல்லது.
பாலத்தடியில் கூழாங்கல் திட்டு,
செப்டம்பரில் ஆற்றைச் செருப்போடு கடக்கலாம்.
கோடு அங்கே நின்றுவிடும்.

பழைய ரயில் தடத்துக்கு அப்பால்
மூன்றாண்டுக்கு முன் எரிந்த மேடு
என் வரைபடத்தில் வராது.
கருகிய ஓக் மரத்தில் ஒரு கிளை மட்டும்
பிடிவாதமாய்த் துளிர்த்திருக்கிறது.
காடைகள் வரிசையாய்ப் பாதை கடக்கும்,
கடைசிக் குஞ்சு எப்போதும் தயங்கும்.
மூடுபனி திராட்சை வரிசைகளைத் தின்றபடி ஏறிவந்து
என் முழங்காலில் நிற்கும்.
செவ்வாய்க்கிழமை. யாருக்கும் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

நேற்று கூரியர் வண்டி ஓட்டும் யோலந்தா
பன்னிரண்டு பெட்டிக் கண்ணாடிக் கோப்பைகளை இறக்கிவிட்டுக்
கையெழுத்துக்கு நின்றாள்.
புழுதிச் சப்பாத்து. காலுறை விளிம்பில்
கவட்டை முனையோடு கறுப்பு விதைகள், ஏழெட்டு.
கீழே ஊரில் எங்கும் இந்த ஒட்டுப்புல் கிடையாது.
எத்தனை புதன்கிழமைக் காலைகளில்
நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியிருக்கிறேன்.

என் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள்.
காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன், கோணலாக.
குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்றாள்.
பெரிய கோப்பையாகப் பார்த்து எடுத்தேன்.