மூன்றாம் மணி

டுலூத்துக்கு வடக்கே நாற்பது மைல்,
ஏரி கருத்துக் கிடக்கும் கரையில் என் கடை.
டுவோமினென் டயர்ஸ். அப்பா வைத்த பெயர்.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லேண்ட்லைன்.
அதன் எண்ணை யாரோ டிவியில் காட்டிவிட்டார்கள்.

தொடருக்குப் பெயர் 'மூன்றாம் மணி'.
வருஷம் தொண்ணூற்று நான்கு, பனி மூடிய ஊர்,
பள்ளிக்கூடம் படிக்கிற ஐந்து பேர்.
நடுராத்திரி போன் அடிக்கும்.
மூன்றாம் மணியில் எடுத்தால்
அந்தப் பக்கம் பேசுவது நீயேதான்,
முப்பது வயது கூடிய நீ.
பேசியவர்கள் விடிவதற்குள் காணாமல் போவார்கள்.
கோரின் என்ற பெண் உள்ளங்கையில்
பேனாவால் எழுதிக்கொண்ட எண்,
கேமரா கிட்டே போய் நின்று நிதானமாகக் காட்டிய எண்,
என்னுடையது.

முதலில் ஒரு பையன்.
"கோரின் இருக்காளா?"
"ஆறரைக்கே சாத்திட்டோம்" என்றேன்.
வீலென்று கத்திவிட்டு வைத்தான்.
அப்புறம் ஒஹாயோ, டெக்சஸ், எங்கேயோ ஒரு தீவு.
ஒருத்தி மூச்சு மட்டும் விட்டாள்.
என் வயதுக்காரர் ஒருவர்
கோரின் அறையில் இருந்த பச்சை ரேடியோ
தன்னிடமும் இருந்ததென்று இருபது நிமிடம் சொன்னார்,
சொல்லும்போதே அழுதார்,
கடைசியில் நான்கு டயருக்கு விலை கேட்டார்.
நெப்ராஸ்காவிலிருந்து.

அப்புறம்தான் நானும் பார்த்தேன், மகனோடு.
அவன் போர்வைக்குள்.
நான் திரையோடு சண்டை:
அந்த வருஷம் ஜூஸ் டப்பா அப்படியா இருந்தது?
முன்முடியை எவள் அவ்வளவு தூக்கி வைத்தாள்?
உறைபனியில் வெறும் டெனிம் ஜாக்கெட்டோடு
திரிந்தோம், அது மட்டும் சரி.

"யார் கூப்பிடறாங்கன்னு தெரியாமலேயா எடுப்பீங்க?"
"ஆமா."
"தெரியாமலேயா?"
ஓடுவோம் என்றேன்.
யார் முதலில் எடுப்பதென்று
அண்ணனை முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடுவோம்.
பேய் வந்தபோது வராத திகில்
அப்போதுதான் அவன் முகத்தில் வந்தது.

பிப்ரவரி. சுழியத்துக்குக் கீழே முப்பது.
கணக்கெழுத உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
"நான்தானா?" என்றது ஒரு பெண்குரல்.

கத்தவில்லை. பின்னால் தோழிகள் சிரிக்கவில்லை.
தண்ணீர் விழும் சத்தம்.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள்.
கடை சாத்திட்டோம்
என்பது நாக்கு வரைக்கும் வந்தது.
"நான்தான்" என்றேன்.

தண்ணீர்.

"அப்போ, இன்னும் இருக்கேனா?"

எதைச் சொல்ல?
இடுப்பு வலியையா, ரிக் போனதையா,
எந்த சோப்புக்கும் போகாத நகக் கறையையா?
"இருக்கே" என்றேன்.
"குளிர்கால டயர் மாத்தியாச்சு.
காலையிலே வண்டி கிளம்பும்னுதான் தோணுது.
ஒரு பையன். மீசை முளைக்குது."
"பேரு?"
"வேட்."
"ச்சீ, நல்லாவே இல்லே."
குழாய் நின்றது.
வைத்துவிட்டாள்.

இரண்டாம் வருஷத் தொடரில் எண்ணை மாற்றிவிட்டார்கள்.
எங்குமே அடிக்காத எண்ணாம்.
கோரின் திரும்பி வந்துவிட்டாள் என்றான் வேட்.
நான் பார்க்கவில்லை.
மாதம் முப்பத்தெட்டு டாலர் தண்டம்,
லேண்ட்லைனை வெட்டு என்கிறான்.
வியாபாரத்துக்கு வேண்டுமடா என்கிறேன்.
வியாபாரம் எல்லாம் செல்போனில்தான் வருகிறது.

அடித்தால்
கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைக்கிறேன்,
ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்.
பாதி நாள்
மூன்றுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.