மைனஸ் பதினெட்டு

குளிரறைக் கதவைத் திறந்தால் முதலில் வருவது புகை.
அப்புறம்தான் மீன்.
கல்லாய் உறைந்த சூரைகள்
ஒன்றோடொன்று மோதினால் பாத்திரக்கடைச் சத்தம்.

மைனஸ் பதினெட்டு என்கிறது சுவரில் இருக்கும் கருவி.
நான் ஜாக்கெட் ஜிப்பைத்
தொப்புள் வரை இறக்கி நிற்கிறேன்.
கழுத்துக்குழியில் ஊற்று. முதுகில் ஓடை.
சூப்பர்வைசர் மொய்ஸ் என்னைப் பார்த்துவிட்டுத்
தன் கையுறையைப் பார்க்கிறான்,
தன் பூட்ஸைப் பார்க்கிறான்,
பிறகு, நல்ல மனுஷன், சுவரைப் பார்க்கிறான்.

காலையில் வாசலில் நெற்றிக்கு நேரே
துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள்.
முப்பத்தாறு புள்ளி ஆறு. போகலாம்.
அதற்கு என்ன தெரியும்.

ரோஸ் ஹில் மருந்துக்கடைக்காரர்
ரெத்தூர் தாஜ், மதாம், என்றார்
இழவு சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.
வயது திரும்பி வருகிறதாம்.
இத்தனை நாள் எங்கே போயிருந்தது?
வந்ததுதான் வந்தது,
முட்டிவலியையும் ராத்திரி மூன்று மணியையும்
கூட்டிக்கொண்டா வரவேண்டும்?

எங்கள் வீட்டில் மாதாமாதம் வந்ததற்குப் பேர் தூரம்.
சாமிக்குத் தூரம், ஊறுகாய் ஜாடிக்குத் தூரம்.
காவடிக்கு விரதம் தொடங்குமுன்
காலண்டரில் பென்சிலால் எண்ணுவேன்,
முருகனுக்கும் எனக்கும் நடுவே எத்தனை நாள் என்று.
இருபத்தேழு தைப்பூசத்தில் பதினொன்றை விட்டேன்.
இப்போது தூரமே இல்லை.
வேர்த்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றால்
அவனுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ரெயூனியனில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் தெய்வானி
அனுப்பிய டியூபில் காட்டு வள்ளிக்கிழங்கின் படம்.
இயற்கையானது என்று போட்டிருக்கிறது.
அரளி விதையும் இயற்கைதான் என்கிறான் கதிரேசன்.
எதையும் நம்பமாட்டான், லாட்டரியைத் தவிர.

புரொஜெஸ்டிரோன்.
நாக்கு மூன்று இடத்தில் இடறும்.
பட்டாணி அளவு எடுத்து
ஒருநாள் மணிக்கட்டின் உட்புறம், ஒருநாள் தொடை,
ஒருநாள் அடிவயிற்றில், சிசேரியன் தழும்புக்கு மேலே.
ஒரே இடத்தில் பூசக்கூடாதாம்.
இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தில்
இந்த உடம்பை இப்படி முறைவைத்து
யாரும் சுற்றி வந்ததில்லை.
நானும்.

கண்டோஸ் ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப்பெண்.
டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
கிழங்கைத் தின்றால் இது கிடைக்காது,
ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்கிறார்கள்.
தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறதென்று
யாராலும் சரியாகச் சொல்லமுடியாது.
வேறு மருந்துகளும் இருக்கின்றன, பேசலாம்.
நின்ற ரத்தம் மறுபடி கண்டால் அன்றைக்கே வாருங்கள்.
பிறகு பேனாவை வைத்துவிட்டு,
தூங்குகிறீர்களா, என்றாள்.

அழுதுவிட்டேன்.
அதையும் ஹார்மோன் கணக்கில் எழுதிக்கொண்டாளோ என்னவோ.

வேலை செய்கிறதா என்று தெய்வானி போனில் கேட்கிறாள்.
சில ராத்திரி தூங்குகிறேன்.
சில ராத்திரி தலையணையைத் திருப்பித் திருப்பி
அதன் குளிர்ந்த பக்கத்தைத் தேடுகிறேன்,
இரண்டு பக்கமும் என் பக்கமாகிவிட்டிருக்கும்.
ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு
பூசுகிற அந்த இரண்டு நிமிஷம்,
வெளியே மூன்று பேர் கூப்பிட்டும்
வரமுடியாது என்கிறேன் பார்,
அதற்கு எந்த டியூப் என்று தெரியவில்லை.

பத்தரை மணிக்கு ஜோஸ்லின் ட்ராலியை விட்டுவிட்டு வருகிறாள்.
இருபத்திரண்டு வயது. விரல்நுனி நீலம்.
கையுறையில் ஓட்டை,
புதுசு கேட்டு மூன்று வாரமாகிறது.
சலாச்சி தாந்தீன், அடுப்பு எரியுதா?
எரியுது, வா.
என் காலருக்குள் இரண்டு கையையும் விடுகிறாள்.
ஐயோ என்று நான் போடும் சத்தத்தில்
சூரைகளே திரும்பிப் பார்க்கும்.
அவளுக்குச் சுகம். எனக்கு அதைவிடச் சுகம்.
அவளுக்குப் பின்னால் பங்களாதேஷ் பையன் ரஃபீக்
வரிசையில் நிற்பதுபோல் நடிக்கிறான்.

மொய்ஸ் சுவரைப் பார்க்கிறான்.
கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது,
மைனஸ் பதினேழு.