கரை மடிப்பு

மார்கழி என்றால் திராய்மட்டில்
மழையை விட என் மெஷின்தான் சத்தம்.
கதவடியில் சேற்றுச் செருப்புகள்,
"அக்கா, இருபத்துநாலுக்கு முன்னம் தந்திருவீங்கதானே?"
தந்திருவேன்.

இருபத்தைந்துக்குச் சிவப்பு, சரிகை, பொம்மக்கை.
இருபத்தாறுக்கு வெள்ளை. மணி வேண்டாம், பூ வேண்டாம்.
ரெண்டு துணியும் ஒரே வீட்டிலிருந்து வரும்,
ஒரே பையில், சில வேளை ஒரே ஆளுக்கு.
நத்தாருக்கும் அதற்கும் நடுவில்
ஒரு இரவுதான் கிடக்கு.
அன்றைக்கு ஊரெல்லாம் தூபியடிக்குப் போகும்.
நான் போவதில்லை.
மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.

டச்சுபாரில் எனக்கொரு அளவுக் கொப்பி இருந்தது.
நீல மட்டை, மூலையில் கோழி கொத்திய கிழிசல்.
அதிலிருந்த பெயர்களில் பாதி
அந்த ஞாயிறோடு போனது. கொப்பியும் போனது.
கைக்கு மட்டும் மறக்கவில்லை.
கிளெமென்சியா ரீச்சருக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.
ஒக்கர்ஸ் மாமாவின் இடுப்பு வருசா வருசம் கூடும்,
சொன்னால் நாடாவில்தான் பிழை என்பார்.
அனற்றா:
நெஞ்சு இருபத்துநாலு
தோள் பத்து
நீளம் இருபத்தேழு.

அவள் என் பிள்ளை. ஏழு வயது.
எலுமிச்சை மஞ்சளில் சட்டின் எடுத்து,
கீழே ரெண்டு அங்குலம் உள்ளே மடித்து,
மெஷினில் அடிக்காமல் கையால் ஊசி போட்டேன்.
அவிழ்க்கச் சுகம்.
வார நத்தாருக்கு ஒரு அங்குலம்,
மறுகா வாறதுக்கு ஒன்று.

நடுச்சாமப் பூசையில் பாலனை அவள் பார்க்கவில்லை.
சுழன்று சுழன்று
கரை குடையாய் விரிவதையே பார்த்தாள்.
விடிந்தும் கழற்ற மாட்டேன் என்றாள்,
அதோடேயே படுத்தாள்.
அடுத்த நாள் காலையும் அதே சட்டை,
ஒரு கையில் கேக்,
மற்றக் கையைத் தகப்பனுக்குக் கொடுத்து
கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில்
நான் முகங்களைப் பார்க்கவில்லை.
குனிந்து குனிந்து கரைகளைப் புரட்டினேன்.
மணல் கொட்டுண்டது.
கையூசி. என் இழை.
ரெண்டு அங்குலமும்
மடித்தபடியே இருந்தது.

அவருக்கு நான் ஒரு நாளும் தைத்ததில்லை.
கடைச் சட்டைதான் வேணும் அவருக்கு,
மடிப்புக் குலையாமல், கொலரில் பேர் ஒட்டினது.
அதே நீலக் கோட்டுச் சட்டையில்
இன்னும் நாலு பேர் கிடந்தார்கள்.
ஒருத்தரையாவது இவர்தான் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
அதனால் அவர் குழி எதென்று
இன்றுவரை தெரியாது.

இந்த முறை, மழை விட்ட ஒரு பின்னேரம்
நிரோஜினி தன் மகளைக் கூட்டி வந்தாள்.
ஜெறுஷா. முன் பல் ரெண்டும் இல்லை.
நாடாவைச் சுற்றினேன்,
நெஞ்சில் விரல் போய் நின்ற இடம் எனக்குத் தெரிந்த இடம்.
தோளிலும்.
கூச்சத்தில் பிள்ளை நெளிந்து சிரித்தது.
"அசையாமல் நில் மனே" என்றேன்.
இருபது வருசமாய் நான் யாரிடமும்
அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பது
சொன்ன பிறகுதான் உறைத்தது.
நீளம். நாடாவில் இருபத்தேழு.

பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
இருபத்தெட்டு என்று எழுதினேன்.

சட்டை எடுக்க வந்த அன்று
நிரோஜினி முகத்தைச் சுளித்தாள்:
"என்னகா, நீட்டாக் கிடக்கே?"
"வளர்ற பிள்ளைதானே" என்றேன்.
உள்ளே இன்னும் மூண்டு அங்குலம் விட்டிருக்கு,
கையூசிதான் போட்டிருக்கு.
வார வருசம் கொண்டு வா,
காசு வேண்டாம்,
அவிழ்த்துத் தாறன்.