நூற்றிநாற்பதாவது சுற்று

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே
போன் திருத்தும் கடையின் பின்னறையில்
ஞாயிறு பின்னேரம் என் நகரம் பறிபோனது.

சண்டை இல்லை.
ஓர் அம்புகூடப் பாயவில்லை.
அஸ்வரின் பச்சைக் கொடி
மலை ஏறி வந்து நின்றது, அவ்வளவுதான்.

"பத்துச் சுற்றுக்குத் தொடமாட்டேன்னு ஒப்பந்தம் இருக்கே!"
"ஆள் ஈக்கிற ஊரத்தான் தொடமாட்டேன்னு சென்ன.
ஒன்ட ஊர்ல ஆளே இல்ல, பாரு."

பார்த்தேன்.
விளைச்சல் எண்பத்தாறு.
வரி நாற்பத்தொன்று.
குடித்தொகை பூச்சியம்.

நாற்பது பேரை
அக்கரையிலிருந்து கப்பலேற்றியவன் நான்தான்.
மூன்றாம் சுற்றில் காடு வெட்டினார்கள்.
ஒன்பதில் பாதை போட்டார்கள்.
இப்போதும் அந்தப் பொடி உருவங்கள்
குனிந்து குனிந்து நிமிர்கின்றன.
விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால்
முதுகில் ஏதோ சுமைகூடத் தெரிகிறது.

"பக் மச்சான், சுத்தமான பக்"
என்றான் விதுர்ஷன், மாலுபணிஸ் நிறைந்த வாயோடு.
"வெளச்சலுக்கு எண்ணுது,
சபைல கையத் தூக்க எண்ணல.
கூட்டல் தெரியாத எவனோ எழுதியிருக்கான்."
"பக் இல்ல, ரூல்."
ஜெயித்தவனுக்கு எல்லாமே ரூல்தான்.

கடைக்காரன் கிங்ஸ்லி
ஈயம் உருக்கிக்கொண்டிருந்தவன் தலை தூக்காமல் கேட்டான்:
"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களா?"
எந்த வியாதிக்கும் அவனிடம் உள்ள ஒரே மருந்து.
பண்ணினோம்.
நாற்பது பேரும் குனிந்தபடியே திரும்பி வந்தார்கள்.
பூச்சியமும் வந்தது.

தர்ஷிகாவுக்குச் சத்தம் போடப் பிடிக்காது.
பாதி எழுதிய சீ.ஆர். கொப்பியொன்றை விரித்து
ரூலர் இல்லாமல் கோடு கிழித்தாள்.
சமவெளியிலிருந்து ஒருவனை மலைக்கு அனுப்பினாள்.
அடுத்த சுற்றிலேயே: ஒன்று.
அக்கரையிலிருந்து ஒருத்தியை அனுப்பினாள்.
பூச்சியம்.
இருபது சுற்று காத்திருந்தாள், நகம் கடித்து. பூச்சியம்.
அந்தப் பெண்ணுக்கு அங்கேயே பிள்ளை பிறந்தது,
அதற்கென்று ஆட்டத்தில் ஒரு சின்ன மணிச்சத்தம் உண்டு,
கேட்டு நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம்.
பூச்சியம்.
பிள்ளைக்குப் பிள்ளை.
மணி அடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

பேனையை மூடி அவள் சொன்னாள்:
"பிழைன்னா
ஒரு தடவையாவது தவறிப்போய்
சரியா வந்திருக்கும்.
இது தவறவே இல்ல."

தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
ஹட்டன் பஸ்காரன் கீழே ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்,
ஆளில்லாத மழைக்குள்.
"அப்ப எவனோ ஒக்காந்து
யோசிச்சுத்தான் எழுதினானா?"
விதுர்ஷனின் குரலில்
பக் என்று சொன்னபோது இருந்த தெம்பு இல்லை.
பிழை என்றால் திருத்துவார்கள் என்று
அதுவரை நம்பியிருந்தான் போல.

அஸ்வருக்கு என்னவோ ஆகிவிட்டது.
பிளேன்டீக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.
"ஊரத் திருப்பித் தாறேன், எடு."
"எப்படித் தருவ?
கணக்குல அது ஊரே இல்லையே."
அவனும் அழுத்திப் பார்த்தான்.
கொடுக்கும் பட்டியலில்
குதிரை இருந்தது, உப்பு இருந்தது,
எனக்குத் தேவையில்லாத ஒரு தீவு இருந்தது.

போகும்முன் என் போனைக் காட்டினேன்.
கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல்,
சரியாக அந்த மலைத்தொடரின் மேலே.
புதுத் திரைக்குக் கொழும்பிலிருந்து சொல்லவேண்டும்,
நேரே வீட்டுக்கே வரும் என்றான் கிங்ஸ்லி.
படிவத்தில் என் பெயர் அடித்தான்.
தொலைபேசி எண் அடித்தான்.
"வீட்டு இலக்கம்?"

எங்கள் லயத்துக்கு அப்படி ஒன்று இல்லை.
கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும்.
பிறகு யார் கையிலாவது வரும்,
சிலநேரம் கல்யாணம் முடிந்து பத்திரிகை வரும்.

வெறுமனே விட்டான்.
இந்தக் கட்டம் கட்டாயம், என்றது சிவப்பில்.
ஒரு கோடு போட்டான். சிவப்பு.
ஓஃப் பண்ணி ஓன் பண்ணினான். சிவப்பு.

"பூச்சியம் போடு" என்றேன்.

போட்டான்.
பச்சையில் ஒரு சரி விழுந்தது.

தர்ஷிகா இன்னும் கொப்பியை மூடவில்லை.
கடைசிக் கோட்டுக்குக் கீழே
அதையும் எழுதிக்கொண்டாள்.