நான்கு மணிக்குப் பக்கத்தில் ஒரு குழி

பீல் என்றும் பியேன் என்றும்
ஒரே பலகையில் இரண்டு பெயர் எழுதிய ஊர்.
ஷூஸ் ஆற்றோரம், மூன்றாம் மாடி,
மேசைவிளக்கின் கீழ் இன்று பதினோராவது கடிகாரம்.
ஆழ்கடலில் முக்குளிப்போர் கட்டுவது.
விலை, என் இரண்டு மாதச் சம்பளம்.

கூடவே ஒரு கடிதம்:
ஆயிரத்து இருநூறு விக்கர்ஸ் என்றீர்கள்.
கீறலே விழாது என்றீர்கள்.
செங்கடலில், பாறையில், லேசாய்த்தான் பட்டது.
இப்போது பாருங்கள்.
இப்படிக்கு அர்மான் வில்யுமியே, சென்-டிமியே.

பார்த்தேன்.
நான்கு மணிக்குப் பக்கத்தில்
ஓர் எள் படுத்து எழுந்த இடம்போல ஒரு குழி.
கீறல் இல்லை ஐயா, அதுவரை நாங்கள் சொன்னது சரி.
கடினமெல்லாம் மேல்தோல் மட்டும்,
காய்ச்சிய பாலில் படியும் ஆடை.
அதன் கீழே சாதாரண எஃகு,
சமையலறைக் கரண்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.
சாவி உரசினால் தாங்கும்.
முழு ஆளின் பாரமும் ஒரு புள்ளியில் இறங்கினால்
தோல் கிழியாமலே உள்ளே போய்விடும்.

அடுத்த அறையில் ரெகுலா
வைரமுனையை மாதிரித் துண்டில் இறக்குகிறாள்.
பத்து விநாடி. எடுக்கிறாள்.
விழுந்த குழியின் குறுக்களவைத்தான்
கடினம் என்று எழுதிக்கொள்கிறோம்.
காயம் பண்ணாமல் அளக்க
எங்களிடம் கருவி இல்லை.

உருப்பெருக்கியை நாற்பதுக்குத் திருப்பினேன்.
குழியின் அடியில் வெள்ளை.
பவளம் இல்லை. உப்பும் இல்லை.
பீங்கான்.
கைகழுவும் தொட்டியின் விளிம்பு.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
தெரியவில்லை என்று எழுதினேன்.

மதியம் அவரே அழைத்தார், பிரெஞ்சில், மெதுவாக.
உள்ளே ஏதாவது இருந்ததா?
வெள்ளையாய்க் கொஞ்சம், என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு சுவர்க்கடிகாரம் நடப்பது கேட்டது.
இரவு எழும்பினேன், விளக்குப் போடவில்லை, என்றார்.
பிறகு:
அடைத்துவிடுங்கள். மட்டமாய். தெரியாதபடி.
ஞாயிறு மகள் வருகிறாள்.
போனதடவையே இரண்டு முதியோர் இல்லத்தின் விளம்பரத்தாள்
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

லேசரில் உருக்கி நிரப்பினோம், தீட்டினோம்.
மறுபடி தோல் ஏற்ற நாள் போதாது;
அந்த எள்ளளவு இடம் மட்டும்
இனிச் சாவிக்கும் பயப்படும்.
அழுத்தக் கலத்தில் இறக்கினேன்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
முந்நூறு மீட்டர்வரை நீர் புகாது என்று
முத்திரை குத்தினேன்.

குளியலறையில் பிடித்து எழும்பக்
கைப்பிடி இருக்கிறதா என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.