இருநூற்றைந்து, ஐம்பது, பதினாறு

முப்பது மில்லிதான் இறக்கியிருந்தேன்.
தெருவில் யாரும் கவனிக்கவில்லை.
மண்டியைப் பூட்டிவிட்டு வரும்போது
நான் மட்டும் நின்று பார்ப்பேன்:
டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே
முன்பு நாலு விரல் போகும்,
இப்போது இரண்டரை.
பழைய சக்கரம் உள்ளே ஒடுங்கி
அண்ணன் சட்டைக்குள் தம்பி தோள் மாதிரி இருந்தது.
அதனால்தான் புதுசு தேடினேன்.

பழையது நூற்று எண்பத்தைந்து, அறுபது, பதினைந்து.
குறுக்களவு அறுநூற்று மூன்று மில்லி.
ஜவ்வரிசி மூட்டைக்குச் சீட்டெழுதும் பேனாவில்
சீட்டின் முதுகில் போட்டேன் கணக்கை:
இருநூற்றைந்தில் பாதி நூற்றிரண்டரை,
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் பதினாறு அங்குல ரிம்,
கூட்டினால் அறுநூற்றுப் பதினொன்று.
எட்டு மில்லி பெரிசு.
முள் அறுபது காட்டும்போது
கார் அறுபத்தொன்றை ஒட்டி ஓடும்.
ஓடட்டும். அதைவிடப் பெரிய பொய்யை
எங்கள் மண்டித் தராசு சொல்லியிருக்கிறது.

ஐந்து ரோட்டில் சீரங்கன் கடை.
பதினேழைத்தான் முதலில் உருட்டி வந்தான்.
"இது மாட்டி நின்னா கல்யாணக் காரே தோத்துரும்ங்க."
கன்னம் ஒட்டிய டயர்.
மழை விட்ட பிறகு கொண்டலாம்பட்டி சர்வீஸ் ரோடு
எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியும்.
பதினாறுக்கு வந்தோம்.
என் ரிம்முக்கு ஆஃப்செட் நாற்பத்தைந்து,
அவனிடம் இருந்ததோ முப்பத்தெட்டு.
ஏழு மில்லி வெளியே தள்ளும்.
அகலம் அரை அங்குலம் கூடுதல், அதில் பாதி வெளியே.
ஆக மொத்தம் பதின்மூன்று,
படியைத் தாண்டித் தெரியும் செருப்பு நுனி போல.

சீரங்கன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்:
"பின்சீட்ல எத்தன பேருங்க உக்காருவாங்க?"

யாருமில்லை என்றேன்.
சட்டென்று வந்துவிட்டது, மூட்டைக்கு விலை சொல்கிற மாதிரி.

அண்ணனும் அண்ணியும் இரண்டு பையன்களும்
ஆடிப் பண்டிகைக்கு அந்தச் சீட்டில்தான் நெருக்கி வருவார்கள்.
தராசு யாருக்கு என்பதில் ஆரம்பித்து
கடை இரண்டானது.
அதற்கடுத்த மாதம் ஸ்பிரிங் வாங்கினேன்.
பாரம் ஏறாத காரைத் தாழ்த்தலாம் என்று
மெக்கானிக் சொன்னார். தலையாட்டினேன்.

"ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, கீறல் மட்டும் வேண்டாம்"
நாலையும் மாட்டி அனுப்பினான்.
ஞாயிறு விடியலில்
தொண்ணூறு கிலோ மூட்டை இரண்டைப் பின்சீட்டில் ஏற்றி
சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன்.
கேட்டை மூடியபடி வளர்மதி சொன்னாள்:
"பேசாம உக்காந்திருக்கறதப் பாத்தா உங்க அண்ணனேதான்."

அடிவாரம் தாண்டி ஏற்றம்.
கொண்டை ஊசி ஒன்று, இரண்டு. சத்தமில்லை.
ஏழில் லேசாக ஏதோ.
ரேடியோவை அணைத்தேன்.
பதினொன்றில், வலப்பக்கம் ஒடித்த நொடி
எடை முழுக்க இடது பின்சக்கரத்தில் சாய
சர்ர்ர்க்.

ஓரங்கட்டி இறங்கினேன்.
மட்கார்டின் உள்மடிப்பு நூலளவு மினுங்கியது.
டயரின் தோளில் கரும்பொடி.
விரல் விட்டுப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை.
சுவரேறி ஒரு குரங்கு
மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.
கீழே மூடுபனியில் சேலம் இல்லை,
வெள்ளைக்கல் சுரங்கத்தின் ஒரு கீற்று மட்டும்.

இருபது வரை போகவில்லை.

சீரங்கனிடம் திரும்பிக் கேட்டது
நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினைந்து.
பழைய ரிம்மே போதும்.
அறுநூறுக்கு நாலரை மில்லி குறைவு.
"சின்னதாத் தெரியும்ங்களே?"
தெரியட்டும்.
டயர் தோளைக் கீறியதற்கு அவன் கேட்ட காசை
பேரம் பேசாமல் கொடுத்தேன். வியாபாரியாக
என் வாழ்வில் அது முதல் தடவை.

மூட்டை ஒன்றில் தையல் விட்டிருக்கிறது.
எத்தனை தட்டினாலும்
பின்சீட்டு இடுக்கிலிருந்து ஜவ்வரிசி உதிர்கிறது.
அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.
காற்று முப்பத்திரண்டு வைத்திருக்கிறேன்.
நிறைய ஆள் ஏறினால் முப்பத்தைந்து என்று
கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது.