கேட்டு வாங்கிய வீடு

பார்த்து வாங்கினோம் என்பார்கள்.
நாங்கள் கேட்டு வாங்கினோம்.

விலை படிந்த பிறகு
கையெழுத்துக்குப் பத்து நாள் இருந்தது.
காசிமிருக்கு நம்பிக்கை வரவில்லை.
சமையலறை ஓடுகளைத் தட்டிப் பார்த்தாயிற்று,
கீழ்த்தளச் சுவரில் கன்னம் வைத்து
ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று.
"தெருவை யார் சோதிப்பது?" என்றான்.

அதனால் வெள்ளி இரவு ஒன்பதரைக்கு
எதிர்ப்பக்கம், மேப்பிள் மரத்தடியில்,
விளக்கணைத்த காரில் உட்கார்ந்தோம்.
என் மடியில் சூப் ஃப்ளாஸ்க்.
கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு
முப்பது வருஷக் கடனுக்குக்
காது கொடுத்தோம்.

யாரோ குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து
ஓரமாக நிறுத்தினார்கள்.
அந்தச் சத்தம் ஒன்றுதான்.
பிறகு அந்த ஒன்றும் இல்லை.

பதினோரு வருஷம் நாங்கள் இருந்தது சிகாகோவில்,
ரயில் பாலத்தை ஒட்டிய மூன்றாம் மாடியில்.
ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில்
எங்கள் பேச்சுக்கு நடுவே புகுந்து போகும்.
பாதி வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்போம்,
பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்வதுபோல்.
சில விஷயங்களை
ரயில் வரும் நேரம் பார்த்துத்தான் சொல்வேன்.
அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

ஞாயிறு காலை மறுபடி போனோம்.
செவ்வாய் மாலை, பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில்:
நாலு பிள்ளைகள் இறங்கி, நாலு கதவு திறந்து,
நாலும் மூடிக்கொண்டன.
வியாழன் விடிவதற்கு முன்
கண்ணாடியைத் தட்டினாள் ஒருத்தி.
குளியல் அங்கிக்கு மேல் குளிர்கோட்டு,
கையில் கயிறு, கயிற்றில் நாய் இல்லை.

"போலீசா, வீடு வாங்க வந்தவங்களா?"
காசிமிர் திகைத்து, "வாங்க" என்றான்.
"அப்ப சரி. நாய் அந்த வீட்டுத் தோட்டத்துக்குள்ளதான் போயிருக்கு.
பழகிடுச்சு. நீங்க வந்தாலும் வரும்."
லொரெயின் ப்ரூயிட்டாம்.
முதல் ராத்திரியிலிருந்தே எங்கள் கார் எண்
அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறதாம்.
நாங்கள் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது
தெரு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டோம், போட்டோம், போட்டுக்கொண்டே இருந்தோம்.
ஹலினா, ஹலினா என்று எழுதி எழுதி
கடைசிப் பக்கத்தில் அது
வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி தெரிந்தது.

கட்டில் வந்துவிட்டது. திருகாணிகள் வரவில்லை.
தரையில் மெத்தை போட்டுப் படுத்தோம்.
எந்தப் பெட்டியில் போட்டாய் என்பதில் தொடங்கியது.
அங்கிருந்து அவன் தம்பிக்குக் கொடுத்த பணம்,
அங்கிருந்து நான் போகாமல் விட்ட அந்த வேலை.
குரல் எழும்பியது. எழும்பிய வேகத்தில் உட்கார்ந்தது.
லொரெயின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கிசுகிசுவென்று சண்டை போட்டோம்.
வாழ்க்கையில் முதல்முறை.
ஒவ்வொரு சொல்லையும் அவன் காதருகே
கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

"இதை நீ சொன்னதே இல்லை" என்றான்.
"பலமுறை சொல்லியிருக்கிறேன்."
"எப்போது?"

எப்போது என்று எனக்குத் தெரியும்.
வாயைத் திறந்தேன், பிறகு
பழக்கத்தில் காத்திருந்தேன்.
அவனும் காத்திருந்தான்.
ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.
எதுவும் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
நாயின் கழுத்துப்பட்டை ஒருமுறை கிணுங்கியது.
அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் லொரெயின்,
"கர்னல்... கர்னல்..." என்று
குரலைத் தணித்து, மிகவும் தணித்து,
புதிதாக வந்தவர்கள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று.

நாங்கள் இருவரும் அசையாமல் கிடந்தோம்,
தூங்குகிறவர்கள் மாதிரி.